கார் ரேலி ஓட்டத் துடிக்கும் என் தம்பிக்கு வழி சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் கோவை. தம்பிக்கு 19 வயது, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். முதலில் ரேலி, அப்புறம் சினிமா ஸ்டண்ட், இதுதான் அவன் கனவு.

மார்க் ஹிக்கின்ஸ் என்றால் அவனுக்கு உயிர். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மான் தீவுக்காரர். 1997, 2005, 2006 என மூன்று முறை பிரிட்டிஷ் ரேலி சாம்பியன். ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஸ்டண்டுக்காகக் கார் ஓட்டியவர். 2016-இல் தன் ஊரின் 60 கிலோமீட்டர் டிடி (டூரிஸ்ட் டிராபி) பைக் பந்தயப் பாதையை சுபாரு காரில் 17 நிமிடம் 35 விநாடியில் சுற்றி வந்தார். மற்ற நாட்களில் ஜனங்கள் வண்டி ஓட்டும் சாதாரண ரோடுதான் அது! அந்த வீடியோவை எங்கள் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகவே பார்த்துவிட்டோம்.

அப்பா பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். ஆனால் ராத்திரி பைபாஸில் பறப்பதைவிட, ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு), ஹெல்மெட்டோடு முறையாகக் கற்றுக்கொள்ளட்டுமே.

ரேலி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு) லைசென்ஸ் எடுக்க எங்கே தொடங்க வேண்டும்? முதலில் டிரைவருக்குப் பக்கத்தில் வழி சொல்லும் நேவிகேட்டராக உட்கார்ந்து, பேஸ் நோட்ஸ் (வளைவு, மேடு பள்ளம் பற்றிய குறிப்புகள்) வாசித்துப் பழகுவது நல்லதா? ஒரு சீசனுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்? அடிபட்டால் இன்ஷூரன்ஸ் உண்டா? ஏதாவது ரேலி டீமில் மெக்கானிக் வேலை இருந்தாலும் சொல்லுங்கள், சம்பளம் இல்லாமலே வருவான்.