முடக்குவாதம்: ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, வலி போகல, டாக்டர்கிட்ட எப்படி கேக்கறது?

கரூர்_தையல்:
எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு வயசு 41, கரூர்ல வீட்டுல இருந்தே பெட்ஷீட், தலகாணி உறை தெச்சு குடுக்கறேன், பீஸ் ரேட்டுதான். ரெண்டு வருஷமா முடக்குவாதம், மூட்டெல்லாம் வீங்கி இறுகிக்கற நோய். இதுக்குன்னு எடுக்கற ரத்த டெஸ்ட்ல ஆர்ஏ பாசிட்டிவ், ஆன்டி சிசிபியும் அதிகம். மெத்தோட்ரெக்ஸேட் 10 மில்லிகிராம் வாரத்துக்கு ஒருநாள், போலிக் ஆசிட், ஹெச்சிக்யூ (ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்) இதெல்லாம் ஒழுங்கா எடுக்கறேன், ஒரு வாரம்கூட விட்டதில்ல. போன தடவ இஎஸ்ஆர், அதான் உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற ரத்த டெஸ்ட், அத பாத்துட்டு டாக்டர் நல்லா குறைஞ்சிருக்கு, மருந்து வேலை செய்யுதுன்னாரு. ஆனா சார் வலி இருக்குதுங்கன்னு சொன்னா இந்த நோய்ல கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும்னுட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டாரு. மூணு மணி நேரம் உக்காந்து ரெண்டு நிமிஷம்தான் பாத்தாங்க.

காலைல 5 மணிக்கு எந்திரிச்சா கை ரெண்டும் மடக்க முடியாது, சுடுதண்ணில வெச்சு வெச்சு ஒன்றர மணி நேரம் ஆகும் சரியாக. கத்திரி புடிச்சு துணி வெட்ட முடியல, மகதான் வெட்டி குடுக்கறா, அவளுக்கு பிளஸ் டூ. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போட்டா அன்னிக்கு ஓடுது, ஆனா டெய்லி போட்டா கிட்னி போயிடும்னு பயமா இருக்கு. வலிக்கு மாத்திரை குடுங்கன்னு வாய விட்டு கேட்டா தப்பா நெனப்பாங்களோன்னு கேக்கவும் மாட்டேங்கறேன். உங்க யாருக்காவது இப்படி இருந்து சரி பண்ணிருக்கீங்களா?

திருச்சி_அக்கா:
தங்கச்சி, எனக்கு 12 வருஷமா இதே நோய், அதனால உரிமையா சொல்றேன். ஒன்றர மணி நேரம் கை மடங்கலன்னா நோய் இன்னும் அடங்கலன்னுதான் அர்த்தம், இஎஸ்ஆர் என்ன காட்டுனாலும். சில பேருக்கு ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கும், மூட்டுல வீக்கம் இருக்கும், இது டாக்டருங்களுக்கே தெரிஞ்ச விஷயம்தான், ஆனா மூட்ட தொட்டுப் பாத்தாதானே தெரியும். ரெண்டு கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், முட்டின்னு மொத்தம் 28 மூட்ட அமுக்கிப் பாத்து எத்தன வலிக்குது எத்தன வீங்கியிருக்குன்னு எண்ற கணக்கு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அத கடைசியா எப்ப பண்ணாங்க? எலும்பு டாக்டர், ஆர்த்தோகிட்ட காட்டறீங்களா, இல்ல இந்த மாதிரி வாத நோய்க்குன்னே இருக்கற ருமட்டாலஜிஸ்ட்டா? ஆர்த்தோன்னா ஒரு தடவையாவது ருமட்டாலஜிய பாத்துடுங்க. சென்னைல ராஜீவ் காந்தி ஜிஎச்ல இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு, பாண்டிச்சேரி ஜிப்மர்லயும் இருக்கு, தூரம்தான், ஆனா ஒருதடவ மருந்த சரிபண்ணி எழுதி வாங்கிட்டு வந்துட்டா மீதிய உள்ளூர்லயே பாத்துக்கலாம்.

இன்னொண்ணு. நாம போறது பதினொரு மணிக்கு, அதுக்குள்ள கை இளகிடும். டாக்டர் கைய மூடுன்னா மூடிடுவோம், எப்படி இருக்குன்னா பரவால்லங்க டாக்டர்னு வாய்ல வந்துடும், நல்ல சேலை கட்டி பூ வெச்சுட்டு வேற போவோம், அவருக்கு எப்படி தெரியும் காலைல டூத் பேஸ்ட் மூடிய பல்லால கடிச்சு தெறந்தோம்னு. நான் நாலு வருஷம் இப்படியே ஏமாந்தேன். அப்புறம் ஒருநாள் எங்க வீட்டுக்காரர் விடியக்காலைல என் கைய போன்ல வீடியோ எடுத்தார், சட்டை பட்டன் போட நான் படற பாட்ட. அத காட்டினேன், டாக்டர் ரெண்டு தடவ பாத்தார், அன்னிக்குத்தான் மருந்து மாத்தினாங்க. நீங்களும் எடுங்க. வலிக்குதுன்னு மட்டும் சொல்லாம எது முடியலன்னு சொல்லுங்க: கத்திரி புடிக்க முடியல, முன்ன ஒரு நாளைக்கு எத்தன பீஸ் தெச்சேன் இப்ப எத்தன, ராத்திரி எத்தன தடவ முழிக்கறேன்னு. துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க, உள்ள போனதும் மொதல்ல அதத்தான் சொல்லணும், கெளம்பும்போது இல்ல.

பசுமை_வாழ்வு:
அந்த மாத்திரையெல்லாம் கேன்சருக்கு குடுக்கறது சிஸ்டர், உடம்ப கெடுக்கும். நிறுத்திட்டு 48 நாள் முடக்கத்தான் சாப்பிடுங்க, பேர்லயே இருக்கு, முடக்கை அறுக்கறதுன்னு.

திருச்சி_அக்கா:
முடக்கத்தான் தோசை நானும் வாரம் ரெண்டு நாள் சுடறேன் தம்பி, ருசியா இருக்கும், சாப்பிடட்டும். மாத்திரைய நிறுத்துன்னு மட்டும் சொல்லாதீங்க, கைகூப்பி கேக்கறேன். மெத்தோட்ரெக்ஸேட் கேன்சருக்கு குடுக்கறதுதான், ஆனா அங்க டோஸ் ரொம்ப ரொம்ப அதிகம், இது வேற அளவு. நான் 2015ல யாரோ சொன்னாங்கன்னு ஏழு மாசம் நிறுத்தினேன், என் வலது கை மணிக்கட்டு அப்ப ஒட்டிக்கிட்டதுதான், இன்னிக்கு வரைக்கும் மடங்கல. தேஞ்சு ஒட்டுன மூட்டு எந்த மருந்துக்கும் திரும்ப வராது.

மெடிக்கல்_கடை_மதுரை:
வணக்கம் மேடம், நான் பார்மசிஸ்ட். நீங்க வாங்கற வலி மாத்திரை அட்டைய திருப்பி பேர படிச்சுப் பாருங்க. அசிக்ளோபெனாக் பாராசிட்டமால் சேந்தது ஒண்ணு, கூட காய்ச்சல்னு இன்னொரு பாராசிட்டமால், பக்கத்து வீட்டுல குடுத்த டைக்ளோபெனாக்னு ஒரே வகைய ரெண்டு மூணு பேர்ல போடறவங்கள தினம் பாக்கறேன், கிட்னியும் வயிறும் கெடறது பெரும்பாலும் அப்படித்தான். அதுக்காக டாக்டர் கணக்கா எழுதிக் குடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம், வயித்துக்கு ஒரு மாத்திரையோட, அப்பப்ப கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), பிபி பாத்துட்டு எடுக்கறத பயந்து விட வேண்டியதில்ல. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கறப்ப நீங்களா கடைல வாங்கிப் போடறதுதான் ஆபத்து, என்ன போடறீங்கன்னு டாக்டருக்கு கட்டாயம் தெரியணும்.

ரெண்டு விஷயம் கண்டிப்பா. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள், வலி கூடுதேன்னு மறந்தும் தினம் போட்டுடாதீங்க, ரத்த அணுவெல்லாம் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும், சீட்டுல கிழமைய பெருசா எழுதி வெச்சுக்கங்க. அப்புறம் பேர் இல்லாத பொட்டலத்துல வர்ற பொடி, உருண்டை, மூணே நாள்ல வலி பறந்துடும்னு விப்பாங்க, நிறைய அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், முகம் வீங்கி சுகர் ஏறி எலும்பு கரைஞ்சு வருவாங்க, திடீர்னு நிறுத்தவும் முடியாது. டிரமடால் மாதிரி பலமான வலி மாத்திரைக்கு நாங்க சீட்டு கேக்கறதும் பேர் எழுதிக்கறதும் சட்டம் அப்படி, 2018லேர்ந்து போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயும் வந்துடுச்சு. அத கேக்கற வலிக்காரங்கள யாரும் தப்பா நெனைக்கல, நீங்க கூச்சப்படாதீங்க.

தஞ்சை_மகன்:
எங்கம்மாவுக்கு முட்டி தேய்மானம், 68 வயசு, உங்க நோய் இல்ல, ஆனா கதை ஒண்ணுதான். வயசாயிடுச்சு பொறுத்துக்கங்கன்னு மூணு இடத்துல சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம், அதனால வலி மாத்திரை தர மாட்டாங்க, அது நியாயம்தான், ஆனா அது இல்லன்னா வேற ஒண்ணுமே இல்லங்கற மாதிரி அனுப்பினதுதான் எனக்கு ஆத்திரம். நான் கூடவே போயி சார் இது கூடாதுன்னா வேற என்ன இருக்குன்னு ஒரே கேள்வியா கேட்டேன். அப்புறம்தான் பிசியோவுக்கு எழுதினாங்க, தொடை தசைக்கு பயிற்சி, தடவ ஜெல் எவ்வளவு தடவலாம்னு அளவு, டுலோக்செட்டின்னு ஒரு மாத்திரை. அது மனச்சோர்வுக்கு குடுக்கறதாச்சேன்னு பதறினேன், நாள்பட்ட மூட்டு வலிக்கும் குடுப்பாங்களாம். அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வந்தாங்க, காசு இல்ல. இப்ப அம்மா கோயில் பிரகாரம் ஒரு சுத்து வர்றாங்க. கூட ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க அக்கா, நீங்க பரவால்லன்னு சொல்றப்ப இல்ல சார்னு சொல்ல ஒரு வாய் வேணும்.

கரூர்_தையல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. மகள கூட்டிட்டு போனேன், வீடியோவ அவதான் காட்டினா, அம்மா கத்திரியே புடிக்கறதில்ல சார், நான்தான் வெட்றேன்னு அவளே சொல்லிட்டா. டாக்டர் அப்பத்தான் ஒவ்வொரு விரல் மூட்டா அமுக்கிப் பாத்தாரு, ஒம்போது எடத்துல கத்தினேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மான்னாரு, சொன்னேனுங்க சார், நீங்க இருக்கத்தான் செய்யும்னீங்கன்னேன், எனக்கே எங்கிருந்து தைரியம் வந்துச்சுன்னு தெரியல. அவரு கோவிச்சுக்கல. மெத்தோட்ரெக்ஸேட் 15 ஆக்கியிருக்காரு, கொஞ்ச நாளைக்கு சின்ன டோஸ் ஸ்டீராய்டு, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ குறைச்சுட்டே வந்து நிறுத்தணும், நானா நிறுத்தக் கூடாதுன்னு எழுதியே குடுத்தாரு. புது டோஸ் முழுசா வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். வலி மாத்திரை தேவைப்படற நாளைக்கு மட்டும், ஒரே வகை. கடைல வாங்கின அட்டையெல்லாம் காட்டினேன், அதுல ரெண்டு ஒரே மருந்துதானாம், பார்மசிஸ்ட் சார் சொன்ன மாதிரியே.

இப்ப காலைல முக்கா மணி நேரத்துல கை இளகிடுது. கத்திரி இன்னும் புடிக்கல. அடுத்த மாசம் 12ந்தேதி ரத்தம் டெஸ்ட், அது முடிஞ்சு சொல்றேன். திருச்சி அக்கா, உங்க மணிக்கட்டுக்கு ஏதாவது பட்டை போடறீங்களா, ராத்திரி போட்டுட்டு தூங்கறதுக்கு? அத கேக்க மறந்துட்டு வந்துட்டேன்.