மறு: விலங்குச் சோதனைக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர் ‘ஆய்வாளரா’?

நண்பர்களுக்கு வணக்கம். விலங்குச் சோதனைக்கூடங்களைப் பார்வையிட வரும் அரசு இன்ஸ்பெக்டருக்குத் தமிழில் என்ன சொல் என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கேட்கிறார்:

> இன்ஸ்பெக்டர் என்றால் ‘ஆய்வாளர்’ என்று எப்போதோ முடிவாகிவிட்டது. காவல் நிலையம் முதல் தொழிற்சாலை வரை அதுதான் புழக்கம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. பிரிட்டனில் அறிவியல் சோதனைகளுக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். என் முதல் வரைவில் ஒரு வரி இப்படி வந்து விழுந்தது: “ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி ஆய்வகத்துக்கு வந்து, ஆய்வாளரின் ஆய்வுப் பதிவேட்டை ஆய்வு செய்தார்.” எலியை வைத்திருப்பவர் யார், கேள்வி கேட்க வந்தவர் யார் என்று எழுதிய எனக்கே புரியவில்லை.

மற்ற இடங்களில் இந்தத் தொல்லை வராது. தொழிற்சாலை ஆய்வாளருக்கு எதிரே முதலாளி நிற்பார், மோட்டார் வாகன ஆய்வாளருக்கு எதிரே ஓட்டுநர் நிற்பார். விலங்குச் சோதனையில் மட்டும் உள்ளே ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிக்கும் வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்கும் ஒரே பெயர். இருவரும் வேறு வேறு ஆள் என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படையே. அதைச் சொல்லே அழித்துவிட்டால் அப்புறம் மொழிபெயர்த்து என்ன பயன்?

‘சோதனையாளர்’, ‘பரிசோதகர்’ இரண்டும் அதே குழியில்தான் விழுகின்றன. ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் சரி. இங்கே பரிசோதனை செய்பவர் விஞ்ஞானி அல்லவா?

அக்கா ஒருவர் முன்வைத்த ‘கண்காணிப்பாளர்’ எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. ‘கண்காணி’ கோயில் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல். பின்னால் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத்துக் கங்காணிகளால் அதற்குக் கெட்ட பெயர் வந்தது வேறு கதை. என் தயக்கம் அது இல்லை. கண்காணிப்பது என்றால் கண்ணை எடுக்காமல் தொடர்ந்து பார்ப்பது. அந்த வேலையைச் செய்ய நிறுவனத்துக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். விலங்குப் பராமரிப்புக்கும் நலனுக்கும் பொறுப்பாக ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர் என்று பெயர் குறிப்பிட்டே நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். கண்காணிப்பை அவர்களுக்கு விட்டுவிடலாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்.

சொல் தேடுமுன் அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1876இலேயே பிரிட்டனில் இதற்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன்கீழ் முதல் இன்ஸ்பெக்டராக இருந்தவர் ஜார்ஜ் பஸ்க் என்ற அறுவை மருத்துவர். இப்போதைய சட்டமும் மருத்துவமோ கால்நடை மருத்துவமோ படித்தவர்களைத்தான் இந்தப் பதவிக்குக் கேட்கிறது. காரணம் கூண்டின் முன் நின்றால் தெரியும். எலி முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் இருக்கிறதா, மயிர் சிலிர்த்து நிற்கிறதா, கண்ணோரம் செம்பழுப்புக் கறை படிந்திருக்கிறதா? பார்ப்பதற்கு ரத்தம் போலிருக்கும் அந்தக் கறை ரத்தம் அல்ல. எலி துன்பத்தில் இருக்கும்போது கண்சுரப்பியிலிருந்து கூடுதலாகக் கசியும் நிறமி. பிறகு கூண்டில் செருகிய அட்டையைப் படிக்க வேண்டும். எடைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். நடப்பது உரிமத்தில் எழுதியதுதானா, அதைத் தாண்டியதா என்று ஒப்பிட வேண்டும். உரிமமே மூன்று அடுக்கு: செய்யும் ஆளுக்கு ஒன்று, ஆய்வுத் திட்டத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. மீறல் கண்டால் அரசுக்கு எழுதுவார். விலங்கு அளவுக்கு மீறித் துன்பப்படுகிறது என்று அவருக்குப் பட்டால், வலியின்றி உடனே கொல்லுங்கள் என்று அந்த இடத்திலேயே உத்தரவிட 18ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. விஞ்ஞானி இன்னும் இரண்டு நாள் போனால் தரவு கிடைத்துவிடும் என்று கெஞ்சினாலும் அங்கே எடுபடாது.

கண்ணால் பார்ப்பது, ஏட்டோடு ஒப்பிடுவது, தேவைப்பட்டால் நிறுத்துவது. இந்த மூன்றும் சேர்ந்த சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: ‘தணிக்கை’. சாலையில் வாகனத் தணிக்கை நடக்கும்போது வண்டியைப் பார்க்கிறார்கள், காகிதத்தைப் பார்க்கிறார்கள், சரியில்லை என்றால் ஓரங்கட்டச் சொல்கிறார்கள். அந்தப் பொருளில்தான் சொல்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் ‘தணிக்கை’, இன்ஸ்பெக்டர் ‘தணிக்கையர்’. இந்தச் சொல்லுக்கு இழையில் வந்த மறுப்பு:

> தணிக்கை உருதுவிலிருந்து வந்த சொல். தவிர, தணிக்கை என்றாலே சினிமாவில் வெட்டுவதுதான் ஞாபகம் வரும்.

உருது வழியாக வந்தது உண்மைதான். போன மடலில் ஒருவர் ‘துன்பத்தைத் தணிப்பதால் தணிக்கை’ என்று எழுதியிருந்தார். அழகான விளக்கம், ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல. எனக்கு இதில் வருத்தமில்லை. கணக்குத் தணிக்கை என்று சொல்லும்போது நம்மில் யாருக்கு உருது நினைவு வருகிறது? தூய சொல்தான் வேண்டும் என்றால் ‘நோட்டர்’ என்றுகூட ஆக்கலாம். நாணயத்தின் தரம் பார்ப்பதை ‘நோட்டம்’ என்றது பழைய தமிழ். ஆனால் இன்று நோட்டம் பார்ப்பவன் திருடன்! சினிமாவைப் பொறுத்தவரை, முன்னால் ‘விலங்குச் சோதனை’ என்று சேர்த்துவிட்டால் யாரும் குழம்பப் போவதில்லை.

இந்தியாவிலும் இந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்த ஒரு குழுவை அமைக்க வழி செய்கிறது. சோதனை நடக்கும் இடங்களுக்கு ஆளனுப்பிப் பார்க்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருப்பது, வேடிக்கை பாருங்கள், அங்கும் 18ஆம் பிரிவில்தான்.

துணைச் சொற்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரெகுலேஷனுக்கு ‘ஒழுங்குமுறை’ போதும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை ஊருக்கே பழக்கிவிட்டது. ‘நெறிமுறை’ வேண்டாம், அதை எத்திக்ஸுக்கு வைத்துக்கொள்வோம். இந்தத் துறை முழுவதையும் நடத்தும் தலைவரைத் ‘தலைமைத் தணிக்கையர்’ என்று மட்டும் எழுதினால் கணக்குத் துறைக்காரர் என்று நினைப்பார்கள். ‘விலங்குச் சோதனைத் தலைமைத் தணிக்கையர்’ என்று முழுப்பெயராக எழுதலாம், நீளம்தான்.

விலங்குச் சோதனையில் கடைப்பிடிக்க வேண்டியவை என்று 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சொன்ன மூன்று கொள்கைகளில் கடைசியான ரிஃபைன்மென்ட்டை எல்லோரும் ‘செம்மையாக்கல்’ என்று எழுதுகிறோம். அது தவறு என்பேன். கேட்டால் விஞ்ஞானி தன் கருவியை மெருகேற்றுவது போலிருக்கிறது. அவர்கள் சொன்னது, சோதனையைத் தவிர்க்கவே முடியாதபோது விலங்கின் துன்பத்தைக் குறைப்பதை. ஆகவே அந்த மூன்றும் இப்படி: மாற்றீடு (விலங்குக்குப் பதில் வேறு வழி), எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு. போன மடல்காரரின் ‘தணிப்பு’ இங்கே பொருந்திவிடுகிறது.

என் வரியை இப்போது இப்படித் திருத்தியிருக்கிறேன்: “தணிக்கையர் முன்னறிவிப்பின்றி ஆய்வகத்துக்கு வந்து, ஆய்வாளரின் பதிவேட்டைத் தணிக்கை செய்தார்.” யார் யார் என்று இப்போது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சொல்லுங்கள்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. சோதனைகளின் கடுமையைத் தரம்பிரிக்கும்போது, மயக்க மருந்து கொடுத்த விலங்கை மீண்டும் கண்விழிக்க விடாமலே முடித்துவிடும் வகை ஒன்று தனியாக உண்டு. ‘மீளாநிலை’ என்று எழுதிப் பார்த்தேன். கோமா போல ஒலிக்கிறது. ‘விழிப்பில்லா வகை’ என்றால் ஏதோ விழிப்புணர்வுப் பிரசாரம் போலிருக்கிறது. யாருக்காவது தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள்.