மறு: காக்டெயிலில் சேரும் தண்ணீருக்குச் சொல் – ‘விளாவல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜின் என்ற மதுவோடு வெர்மூத் சேர்த்துக் குளிரவைக்கும் காக்டெயிலான மார்ட்டினியில், பனிக்கட்டி உருகிச் சேரும் தண்ணீரைக் குறிக்க ‘நீர்த்தல்’ என்பதே போதும் என்று நண்பர் ஒருவர் முந்தைய மடலில் எழுதியிருந்தார். நீர்த்த அமிலம் என்று பள்ளியில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஆய்வுக்கூடத்துக்கு அது பொருத்தமான சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பேச்சில் ‘போராட்டம் நீர்த்துப் போயிற்று’ என்றால் அது வலுவிழந்து வீணாயிற்று என்றே பொருள். அந்தத் தண்ணீர் சேராவிட்டால் பானமே ஆகாத ஓரிடத்தில் இச்சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

குன்னூரில் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் தொழில் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் இது எனக்கு அன்றாடத் தேவை. 60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத் (மூலிகை மணமூட்டிய, இனிப்புக் குறைந்த ஒயின்) இரண்டையும் பனிக்கட்டி நிறைந்த கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நீண்ட கரண்டியால் அரை நிமிடம் துழாவுகிறோம். தொடக்கத்தில் குவளைக்குள் எண்ணெய் இழைகள் போல ஏதோ நெளிவது தெரியும். உருகிய நீரும் மதுவும் இன்னும் ஒன்றாகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இழைகள் மறைந்து, குவளையின் வெளிப்புறம் வேர்த்து, பிடித்திருக்கும் விரல் மரத்துவரும் வேளையில் வடித்து அளந்தால், ஊற்றிய 70 மில்லி 90 மில்லியைத் தாண்டியிருக்கும். ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த ஆல்கஹால் 30 அளவுக்கு இறங்கியிருக்கும். இந்த இருபது மில்லி தவறிச் சேர்ந்ததன்று. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது ஜின்னிடமிருந்து எடுத்துக்கொள்வதால்தான் ஜின் சுழியத்துக்கும் கீழே குளிர்கிறது. ஆகவே குளிர்ச்சியை மட்டும் கொடு, தண்ணீரைக் கொடுக்காதே என்று பனிக்கட்டியிடம் கேட்க முடியாது.

இதற்கான சொல் எங்கள் குளியலறையிலேயே இருக்கிறது. மலையில் ஆண்டு முழுவதும் வெந்நீர்க் குளியல்தான். அண்டாவில் கொதித்ததை வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகச் சேர்த்து, புறங்கையை நனைத்துப் பார்த்து, மேலுக்கு ஊற்றும் பதம் வந்ததும் நிறுத்துவதை ‘விளாவுதல்’ என்கிறோம். ‘தண்ணி வெளாவி வெச்சிருக்கேன், போய்க் குளி’ என்று அம்மா சொல்லும்போது, வெந்நீர் கெட்டுப்போயிற்று என்று யாரும் நினைப்பதில்லை. தண்ணீரைச் சேர்த்துச் சூட்டையும் காரத்தையும் பதத்துக்குக் கொண்டுவரும் செயலுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை.

பனிக்கட்டி உருகி வருவதால் ‘உருகுநீர்’ எனலாமே என்றால், அதுவும் அழகான சொல்தான். ஆனால் ஜின்னையும் வெர்மூத்தையும் முன்கூட்டியே கலந்து உறைபெட்டியில் வைத்துப் பரிமாறும் முறையும் உண்டு. அங்கே பனிக்கட்டி இல்லை, உருகுவதும் இல்லை. குடிநீரை அளந்து சேர்த்து வைக்க வேண்டும். உருகுநீர் அங்கே பொருந்தாது. விளாவல் இரண்டுக்கும் பொருந்தும். அந்த முறையை ‘முன்விளாவல்’ என்று பிரித்துச் சொல்லவும் வசதியாக இருக்கிறது. மார்கழிக் குளிரில் அலமாரியில் இருக்கும் புட்டியே சில்லென்றிருப்பதால் பனிக்கட்டி குறைவாக உருகி, பானம் தொண்டையைக் கீறும். அப்போது ‘விளாவல் போதவில்லை, இன்னும் பத்து நொடி துழாவு’ என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது.

துழாவு என்றே எழுதுவதற்கும் காரணம் உண்டு. கலக்கு என்றால் கலங்கலாக்கு என்ற பொருளும் கூடவே வருகிறது. மார்ட்டினியோ கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தால் மேலே மிதக்கும் எண்ணெய்த் துளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழிகளும் பனித்துகள்களும் சேர்ந்து சற்று நேரம் மங்கிப்போகும். கஞ்சிப் பானையில் அகப்பை சுற்றும் அசைவுதான் இங்கு வேண்டியது.

நெல்லை, தஞ்சைப் பக்கத்து நண்பர்கள், ‘விளாவு’ உங்கள் ஊரில் வெந்நீருக்கு மட்டும்தானா, மோர், பானகம் போன்றவற்றுக்கும் வழங்குகிறதா என்று எழுத வேண்டுகிறேன். வேறு பொருள் ஏதும் குறுக்கிடாவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் ‘விளாவல்’ என்றே சேர்க்கலாம்.