முதல் பதிப்புச் சண்டையில் வேகக் காரணி எப்போது கணக்கில் வரும்?

ஆறுமுகப்பகடை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். ஆளுக்கொரு வீரர் வேடம் ஏற்று மேசையில் பகடை உருட்டி ஆடும் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் முதல் பதிப்பை எங்கள் குழு சில மாதங்களாக ஆடி வருகிறது. நடுவர் பொறுப்பு என்னுடையது. இதற்கு முன் நாங்கள் ஆடியது 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் பத்துமுகப் பகடையை உருட்டி, ஆயுதத்தின் வேகக் காரணியையோ (ஆயுதம் எவ்வளவு மெதுவானது என்று காட்டும் எண்; சிறியதே வேகம்) மந்திரம் சொல்லும் நேரத்தையோ அதனுடன் கூட்டுவோம்; குறைந்த எண் பெற்றவர் முந்துவார். முதல் பதிப்பில் ஆறுமுகப் பகடை, அதிக எண்ணே முந்தும் என்று பார்த்ததும், கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்தால் போதும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

எங்கள் போர்வீரர் இருகை வாள் ஏந்துபவர். அதன் வேகக் காரணி 10. அவர் பக்கம் 6 விழுந்தால்கூட கணக்கு கழித்தல் நான்கில் போய் நிற்கிறது. கத்தி வைத்திருக்கும் எந்தக் கோப்ளினும் (ஒரு குட்டி அரக்கன்) அவரை முந்திவிடுகிறது. அவர் பொறுமைசாலி, வாய்திறந்து குறை சொல்லவில்லை. ஆனால் சென்ற முறை நெடுவாளுக்கு மாறிவிட்டார்.

அதே இரவில் இன்னொரு சிக்கலும் வந்தது. எங்கள் மந்திரவாதி ‘ஸ்லீப்’ என்ற உறக்க மந்திரத்தைத் தொடங்க, எதிரே இருந்த கொள்ளையர் தலைவன் குறுவாளால் அவரைக் குத்த முயன்றான். எங்கள் பக்கம் 5, அவர்கள் பக்கம் 4. மந்திரம் சொல்ல ஒரு செக்மென்ட், அதாவது ஒரு சுற்றின் பத்தில் ஒரு பங்கு, ஆகும். குறுவாளின் வேகக் காரணி 2. மந்திரமே முந்தியது என்று தீர்ப்புச் சொன்னேன். ‘குறுவாளைவிட வேகமான ஆயுதம் உண்டா?’ என்று ஒருவர் வாதாடினார். நடுவர் கையேட்டைப் புரட்டியபோது வெவ்வேறு பக்கங்களில் வெவ்வேறு விதிகள் தென்பட்டன. எதை எதனுடன் பொருத்துவது என்று விளங்கவில்லை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் வேகக் காரணியைக் கணக்கிட வேண்டுமா? அன்று நான் சொன்ன தீர்ப்பு சரிதானா?

நிலவறைக்காவலர் எழுதியது:

தீர்ப்பு சரி, ஆனால் அதற்கு நீங்கள் போட்ட கழித்தல் கணக்கு தவறு. உங்கள் போர்வீரரிடம் இருகை வாளை மீண்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் பதிப்பில் இனிஷியேட்டிவ், அதாவது யார் முந்துவது என்பது, பக்கத்துக்கு ஒரு பகடை, அவ்வளவுதான். அதிக எண் பெற்ற பக்கம் முந்தித் தாக்கும். பகடை எண்ணிலிருந்து வேகக் காரணியைக் கழிக்கவோ அதனுடன் கூட்டவோ எங்கும் சொல்லப்படவில்லை. இரு பக்கமும் ஒரே எண்ணைப் பெற்று, இருவரும் கைகலப்பில் ஆயுதத்தோடு நிற்கும்போதுதான் அது முதன்முதலாகக் கணக்கில் வருகிறது. இரண்டு ஆறுமுகப் பகடைகள் ஒரே எண்ணைக் காட்டுவது ஆறில் ஒரு முறை. ஆகவே ஆறில் ஐந்து சுற்றுகளில் உங்கள் போர்வீரரின் வாள் எவ்வளவு கனமானது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆறாவது சுற்று அவருக்குக் கொடியது. இரு காரணிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது சிறிய காரணியைப் போல இரு மடங்காவது இருந்தால், வேகமான ஆயுதக்காரர் மற்றவர் வாளை ஓங்குவதற்குள் இரண்டு முறை தாக்கிவிடலாம். குறுவாளுக்கும் இருகை வாளுக்கும் வேறுபாடு 8. கோப்ளின் இரண்டு குத்துகள் குத்திய பிறகே அவர் முறை வரும்.

மந்திரவாதி விவகாரத்துக்குத் தனி விதி இருக்கிறது. மந்திரவாதியின் பக்கம் இனிஷியேட்டிவை வென்றிருக்க, எதிரி கைகலப்பு ஆயுதத்தால் அவரைத் தாக்கினால், ஆயுதத்தின் வேகக் காரணியிலிருந்து தோற்ற பக்கத்தின் பகடை எண்ணைக் கழித்து, எதிர்மறை விடை வந்தால் குறியை நீக்கி, அதை மந்திரம் சொல்லும் செக்மென்ட் எண்ணோடு ஒப்பிட வேண்டும். உங்கள் மேசையில் நடந்தது 2 கழித்தல் 4, அதாவது கழித்தல் 2. குறியை நீக்கினால் 2. மந்திரத்துக்கு 1 போதும் என்பதால் மந்திரமே முந்தியது.

இனி வேடிக்கையைப் பாருங்கள். அதே கொள்ளையர் தலைவன் 4க்குப் பதிலாக 2 போட்டிருந்தால் விடை 0, குறுவாள் முந்தியிருக்கும். 1 அல்லது 3 போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்திருக்கும். 5 போட்டு, உங்கள் பக்கம் 6 போட்டிருந்தால் விடை 3. குறுவாள் இன்னும் பிந்தியிருக்கும். பகடை நன்றாக விழ விழ ஆள் மெதுவாகிறான்! வேகக் காரணி 5 உள்ள நெடுவாளோடு அதே 4ஐப் போட்டிருந்தால் விடை 1, மந்திரத்தோடு சமம். ஆக, அந்த இடத்தில் குறுவாளைவிட நெடுவாள் வேகமானது. இதை யாரும் விரும்பி எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மேசையில் எதிர்மறை விடையை 0 என்றே எடுத்துக்கொள்கிறோம். குறுவாள்காரர் மந்திரவாதியை ஒட்டி நிற்கும்போது மந்திரவாதி அஞ்ச வேண்டும் என்பதுதான் என் கருத்து. உங்களிடம் வாதாடியவரின் உள்ளுணர்வும் அதுவே. விதி அவர் பக்கம் இல்லை, நியாயம் அவர் பக்கம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்த மந்திரத்தைச் சொல்லப்போகிறோம் என்பதை, இனிஷியேட்டிவ் யாருக்கு என்று தெரிவதற்கு முன்பே ஆட்டக்காரர் அறிவித்துவிட வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் மந்திரம் வீணாகும். அந்த நேரத்தில் தன் சுறுசுறுப்பால் கிடைக்கும் தற்காப்புச் சலுகையும் மந்திரவாதிக்குக் கிடையாது. பகடையைப் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு முறை அனுமதித்தால், செக்மென்ட் கணக்கு முழுவதும் பொருளற்றதாகிவிடும்.

சங்கிலிச்சட்டை எழுதியது:

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் இவற்றின் மீது கோபம் குறையும். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில் என்ற, சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டத்தின் விதிநூலில், தனி ஆளும் தனி ஆளும் மோதுவதற்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வரிசை எண் இருந்தது. குறுவாள் 1இல் தொடங்கி, நீண்ட பைக் ஈட்டி 12இல் முடியும். மோதலின் தொடக்கத்தில் மிக நீண்ட ஆயுதம் முந்தும். நெருங்கிய பிறகு இலகுவான ஆயுதம் முந்துவதோடு, வேறுபாடு பெரிதானால் கூடுதல் அடிகளையும் பெறும். முதல் பதிப்பில் சமநிலையின்போது குறுவாளுக்குக் கிடைக்கும் அந்த இரண்டு குத்துகள் இந்த மரபிலிருந்து வந்தவையே. முதல் பதிப்பில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம் என்ற கணக்கும் செயின்மெயிலில் இருந்ததுதான். படைகள் நகரும் ஆட்டத்தில் ஒரு நிமிடம் இயல்பானது. நான்கு பேர் ஒரு நிலவறை வாயிலில் நின்று சண்டையிடும்போதுதான் உறுத்துகிறது.

1974இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சிறுநூல்கள் செயின்மெயிலைக் கையில் வைத்திருப்பீர்கள் என்று எண்ணியே எழுதப்பட்டன. அடி பட்டதா என்று பார்க்க இன்று நாம் அறிந்த இருபதுமுகப் பகடை முறை அங்கே ‘மாற்று’ முறையாகத்தான் அறிமுகமாயிற்று. எல்லா ஆயுதமும் ஒரே ஓர் ஆறுமுகப் பகடை அளவுக்கே சேதம் செய்தது. ஆயுதத்துக்கு ஏற்பச் சேதம் மாறும் வழக்கம் 1975இல் கிரேஹாக் துணைநூலோடு வந்தது. 1977இல் வந்த தொடக்கநிலைப் பெட்டியில் சேதம் மீண்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே ஆயிற்று, ஆனால் குறுவாளுக்கு மட்டும் ஒரு சுற்றில் இரண்டு தாக்குதல்கள் தரப்பட்டன. கனமான ஆயுதங்களுக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்று. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அந்தப் பெட்டியில் குறுவாளைத் தவிர வேறு எதையும் வாங்குபவர் ஏமாளி. 1979இல் நடுவர் கையேடு வந்தபோது இந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே நூலில் சேர்ந்தன. நீங்கள் வெவ்வேறு பக்கங்களில் கண்டவை ஒரே விதியின் துண்டுகள் அல்ல; வெவ்வேறு காலத்து விதிகளின் எச்சங்கள்.

பொறுமையிழந்தவன் எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகும் இதை ஆட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1981இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கநிலைப் பதிப்பில் ஒரு சுற்று பத்து வினாடி. வென்ற பக்கம் முதலில் நகரும், பிறகு அம்பு, பிறகு மந்திரம், பிறகு கைகலப்பு. அது முடிந்ததும் அடுத்த பக்கம் அதே வரிசையில் செய்யும். மந்திரத்தைப் பகடைக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று அதே ஆண்டு அதன் தொடர்ச்சியாக வந்த எக்ஸ்பர்ட் நூல் சொல்கிறது. தோற்ற பக்கத்து மந்திரவாதி தன் முறை வருமுன் அடிபட்டால் மந்திரம் போயிற்று. கழித்தலும் இல்லை, குறியை நீக்குவதும் இல்லை. நானும் முதல் பதிப்பைத்தான் நடத்துகிறேன், ஆனால் சண்டை வந்தால் இந்த வரிசைக்கு மாறிவிடுவேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நிலவறைக்காவலர் எழுதியது:

அந்த வரிசை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதே பதிப்பில் இருகை ஆயுதம் ஏந்துபவர் எப்போதும் இனிஷியேட்டிவை இழந்தவராகவே கருதப்படுவார். கேள்வி கேட்டவரின் போர்வீரர் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பார்.

ஆறுமுகப்பகடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கழித்தலை விட்டுவிட்டு ஆடினோம். போர்வீரர் இருகை வாளோடு திரும்பிவந்து, தம்மைவிட உருவத்தில் பெரிய ஓகர் என்ற அரக்கன் ஒன்றை மூன்று ஆறுமுகப் பகடைச் சேதத்தால் இரண்டே அடியில் வீழ்த்தினார். சாதாரண உருவம் கொண்டவர்களுக்கு அந்த வாள் ஒரு பத்துமுகப் பகடைதான் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். எதிர்மறை விடையை 0 என்று கொள்ள எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், மந்திரவாதி உட்பட. அவர் சற்றுத் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார்.

ஒரு ஐயம் மிச்சம். ஓகர் ஓடிவந்து பாய்ந்தது. அப்போது யார் முதலில் அடிப்பது என்பதற்கும் இனிஷியேட்டிவ்தானா?

சங்கிலிச்சட்டை எழுதியது:

இல்லை. பாய்ந்து தாக்கும் சுற்றில் நீளமான ஆயுதம் வைத்திருப்பவரே முதலில் அடிப்பார். இனிஷியேட்டிவ் யாருடையதாக இருந்தாலும் சரி. வேகக் காரணியும் அந்தச் சுற்றில் பேசாது. இருகை வாளின் நீளம் ஏறக்குறைய ஆறடி என்பதால், தம்மை நோக்கிக் கத்தியோடு ஓடிவரும் எவரையும் உங்கள் போர்வீரர் முந்தலாம். பாய்பவருக்குத் தாக்குதல் பகடையில் 2 கூடும், ஆனால் சுறுசுறுப்பால் வரும் தற்காப்பு போய்விடும். அடுத்த நிலவறைக்குள் நுழையுமுன் இன்னொன்றையும் பார்த்துவையுங்கள்: அந்த வாளைச் சுழற்ற ஆறடி அகலம் வேண்டும், நெடுவாளுக்கு மூன்றடி போதும். பத்தடி அகல நடைவழியில் நெடுவாள்காரர்கள் மூவர் தோளோடு தோள் நிற்கலாம். உங்கள் நண்பர் நடுவில் நின்றால் இருபுறமும் இரண்டிரண்டு அடிதான் மிஞ்சும், அதில் குறுவாள் போல இடம் குறைவாகக் கேட்கும் ஆயுதக்காரர்தான் நிற்க முடியும்.