ஒட்டு, மடல், பதியம்: முகச் சீரமைப்புக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். முகக் கட்டியை அகற்றியபின் செய்யும் சீரமைப்பு அறுவை பற்றிய நோயாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைவில் கிராஃப்ட் (வேறிடத்தில் வெட்டி எடுத்துப் புண்ணில் பொருத்தும் தோல்), ஃபிளாப் (இரத்தக் குழாயோடு கொண்டுவந்து வைக்கும் திசு) இரண்டுக்கும் 'தோல் ஒட்டு' என்றே இருக்கிறது. பிரிக்க வேண்டுமா?

அறுவை மருத்துவர்:
கட்டாயம் பிரிக்க வேண்டும். கிராஃப்டுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. முதல் ஓரிரு நாள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். பிறகே அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புண்ணின் குழாய்களோடு இணையும். அடியில் இரத்தம் தேங்கினாலோ தோல் நகர்ந்தாலோ பிடிக்காது. அதனால்தான் இறுக்கிக் கட்டிச் சுமார் ஐந்து நாள் பிரிக்காமல் விடுகிறோம். ஃபிளாப் தன் இரத்தக் குழாயோடு வருவது. அதை இறுக்கவே கூடாது. தொடக்கத்தில் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். வெளிறிச் சில்லிட்டால் தமனியில் அடைப்பு. நீலம் பாரித்து, அழுத்திய விரலை எடுத்ததுமே நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. ஒரே சொல் என்றால் பராமரிப்பே தலைகீழாகிவிடும்.

தமிழாசிரியர்:
ஒட்டு, மடல் என்று வைக்கலாம். மடல் என்றதும் மடிப்பு நினைவுக்கு வரும். தாழை மடல், வாழை மடல் தெரியாதவர் யார்? அகப்பாட்டுத் தலைவன் ஏறும் பனைமடற் குதிரையும் இந்த மடல்தான். மடலேறுதல் பெண்ணுக்கு இல்லை என்ற மரபைப் பிறகு எழுதுகிறேன்.

செவிலியர் பயிற்றுநர்:
ஐயா, அது இருக்கட்டும். காது மடலைச் சீரமைத்தால் 'காது மடலில் மடல்' என்றா எழுதுவது? வார்டில் எல்லார் வாயிலும் ஃபிளாப்தான். அப்படியே விடலாமே.

தமிழாசிரியர்:
ஆய்தம் மொழிமுதலில் வராது, அம்மா.

தோட்டக்கலை ஆர்வலர்:
நெற்றித் தோலை மூக்குக்குத் திருப்பும்போது புருவத்தருகே காம்பை அறுக்காமல் விட்டு, சுமார் மூன்று வாரம் கழித்துத்தானே அறுக்கிறார்கள்? தாய்ச்செடியோடு இருக்கும் கிளையை மண்ணில் வளைத்து, வேர் பிடித்தபின் வெட்டுவதும் அதேதான். பதியம் என்று சொல்லுங்கள்.

அறுவை மருத்துவர்:
நெற்றிக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தாடைக்குக் கீழ்க்காலின் மெல்லிய வெளிப்புற எலும்பான ஃபிபுலாவை எடுக்கும்போது, முழங்காலும் கணுக்காலும் ஆடாதிருக்க இரு முனையிலும் ஆறேழு செ.மீ. விட்டு, குழாயோடு முற்றிலும் அறுத்தே எடுக்கிறோம். கழுத்துக் குழாயோடு நுண்ணோக்கியின்கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறோம். அங்கே தாய்ச்செடி ஏது?

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'காம்பு மடல்', 'தனி மடல்'?

செவிலியர் பயிற்றுநர்:
தனிமடல் என்றால் நோயாளியின் பிள்ளைகள் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பார்கள்.

தமிழாசிரியர்:
'பெயர்த்த மடல்' என்க. நாற்றைப் பெயர்த்து நடுவது போல.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை; பெரும்பான்மைப்படி போகிறேன். ஒட்டு, காம்பு மடல், பெயர்த்த மடல். காது வரும் பக்கத்தில் மட்டும் 'புறக்காது'. முதல் முறை வருமிடத்தில் 'ஃபிளாப் எனப்படும் மடல்'.

செவிலியர் பயிற்றுநர்:
கையேட்டில் போடுங்கள். மணிக்கொரு முறை நிரப்பும் கண்காணிப்புத் தாளில் ஃபிளாப் என்றே இருக்கும்; மடல் என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

தோட்டக்கலை ஆர்வலர்:
நெற்றிக்குப் பதியம்தான். அடுத்த பதிப்பிலும் கேட்பேன்.