‘பனல் அற்றிஷன்’: இடைவிலகலா, உதிர்வா?

வணக்கம்.

எங்கள் அளவீட்டுச் சொற்பட்டியலுக்குத் தமிழ் தேடவேண்டிய சொற்கள் இவை. ஒரே ஆட்களிடம் ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும் வீட்டுத்துறை ஆய்வுக்கு, அதாவது ‘பனல்’ ஆய்வுக்குத் ‘தொடர்குழு அளவீடு’ என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1968 இலும், மேற்கு ஜேர்மனியில் 1984 இலும், பிரித்தானியாவில் 1991 இலும் தொடங்கியவை இந்த வகை. ஒவ்வொரு முறை போய்க் கேட்பதைக் குறிக்கும் ‘வேவ்’ என்பதற்குச் ‘சுற்று’ போதும். இடறுவது ‘அற்றிஷன்’ தான்: முதற்சுற்றில் பதில் சொன்னவர் பிந்திய சுற்றில் இல்லாமற் போவது.

ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 90 பேர் நின்றாலும், ஐந்து முறை திரும்பிப் போனபின் மிஞ்சுவது 59 பேர். அட்டவணைக்கு அட்டவணை வரப்போகிற சொல் இது.

‘இடைவிலகல்’ என்பது என் முன்மொழிவு. பாடசாலை இடைவிலகலால் எல்லாருக்கும் பழகிய சொல். ‘தேய்வு’ வேண்டாம், கணக்கீட்டில் பெறுமானத்தேய்வு இருக்கிறது. ‘இழப்பு’ வேண்டவே வேண்டாம். எங்கட ஊரில் ஒரு படிவத்தில் ‘இழப்பு’ என்று கண்டால் செத்தவரையும் உடைந்த வீட்டையும்தான் எழுதுவார்கள்.

— — —

ஐயா, வணக்கம்.

‘இழப்பு’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் விலகுவது என்றால் ஆள் தானாக விலகவேண்டும். கதவு பூட்டியிருந்தது, தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது என்றால் அவர் விலகவில்லை, நாங்கள்தான் பிடிக்கவில்லை. ‘விடுபடல்’ என்றும் யோசித்தேன். ஆனால் ‘விடுபட்ட தரவு’ என்பது ஒரு கேள்விக்கு விடை இல்லாததற்கு ஏற்கெனவே ஓடுகிறது. ஆகவே ‘உதிர்வு’. யார் பிழை என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்லாது.

அதைவிட முக்கியம், எதை உதிர்வு என்று சொல்லக்கூடாது என்பது. 1,000 பேரில் இரண்டாம் சுற்றில் 850 பேர் பதில் சொன்னார்கள் என்று வையுங்கோ. மிச்சம் 150. அதில் 20 பேர் இறந்தவர்கள், 50 பேர் கனடா, பிரான்ஸ் என்று போய்விட்டார்கள், 80 பேர் மறுத்தவர்களும் அகப்படாதவர்களும். உதிர்வு 15 வீதம் அல்ல. இறந்தவரும் நாடு விட்டவரும் நாங்கள் அளக்கிற குடித்தொகையிலேயே இல்லை. 930 இல் 80, அதாவது 8.6 வீதம்.

இதைக் கலந்தால் நிறையிடலில், அதாவது வராதவரின் பங்கையும் நின்றவர் மேல் ஏற்றிக் கணக்கிடுவதில், பிழைக்கும். இளம் ஆண்களில் பாதிப்பேர்தான் பதில் சொன்னார்கள் என்றால், நின்றவருக்கு நிறை 2 கொடுப்போம். வராதவர்களில் பெரும்பங்கு வெளிநாடு போனவர்கள் என்றால், ஊரில் இல்லாதவருக்காக ஊரில் இருப்பவரை இரட்டிப்பாக்கினதாகிவிடும். வேலையின்மை, திருமண வயது எல்லாம் அந்தப் பக்கம் சாயும். வாழ்க்கைப்போக்கை ஆராய்கிறவருக்கோ அந்தப் பயணமே ஒரு நிகழ்வு: திகதியோடு பதியவேண்டியது, வெற்றுப் பெட்டியாக விடக்கூடாதது.

இறந்ததற்கும் நாடு விட்டதற்கும் சேர்த்துக் ‘குடித்தொகை நீங்கல்’ என்கிறேன். ‘வெளியேற்றம்’ என்று எழுதாதேயுங்கோ. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் 1990 இல் முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டதற்கு உரியது. ‘இடப்பெயர்வு’ என்றால் சண்டையால் ஊரே வெளிக்கிட்ட 1995 தான் ஞாபகம் வரும்.

— — —

தங்கச்சி, உதிர்வை ஏற்கிறேன். ஒரே ஒரு இடறல்: உதிர்ந்த பூ காம்புக்குத் திரும்பாது, ஆனால் மூன்றாம் சுற்றில் அகப்படாதவர் நான்காம் சுற்றில் பதில் சொல்லுவார். அவரை உதிர்வில் போட்டு ஆட்களின் பட்டியலில் இருந்து எடுத்தால் பிறகு ஒருவரும் அவரைத் தேடிப் போகமாட்டார்கள். இதற்குச் ‘சுற்றுத் தவறல்’. மறுபடி வராமலே போனவருக்கு மட்டும் உதிர்வு. முதற்சுற்றிலேயே வேறு வேறு வீட்டில் இருக்கிற மூன்று உறவினரின் இலக்கம் வாங்கிவைத்தால் தவறல் உதிர்வாக மாறுவது குறையும். விதானையாரின் (கிராம அலுவலரின்) பதிவை மட்டும் நம்பினால், வாடகைக்கு இருப்பவர்தான் முதலில் கைநழுவுவார்.

இன்னொன்று. மகளுக்கு வீடு சீதனமாகிறது, மருமகன் வந்து சேருகிறார், தாய் தகப்பன் அதே வீட்டில். குடும்பத் தலைவர் பெயர் மாறிவிட்டது என்று களத்துப் பிள்ளை ‘பழைய குடும்பம் இல்லை’ என்று குறித்தால் மூன்று பேர் பொய்யாக உதிர்வார்கள். கட்டிக்கொண்டு போன மகனையும் அவர் போன வீட்டில் போய்க் கேட்கவேண்டும், அந்த வீட்டாரையும் சேர்த்து. தொடர் இலக்கம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஆகவே ‘குடும்ப உதிர்வு’ என்ற பதிவை எங்கள் சொற்பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறேன்.

சுற்றுத் தவறலுக்கு இதைவிடச் சின்னச் சொல் அகப்பட்டால் எழுதுங்கோ.