மதுரைக் குன்றுகளில் பாறைக் குறிகள்: எது பழசு, எது கிறுக்கல்? பெயின்டை எப்படி எடுப்பது?

மலைச்சுற்று:
சமணப் படுக்கைகள் பக்கத்திலும் உச்சிப்பாறையிலும் வரிசையாகக் குழிகள், உள்ளே கோடு போட்ட முக்கோணம், நடுவில் புள்ளி வைத்த வட்டம், கூட்டல் குறிகள் தெரிகின்றன. அவற்றின் மேலேயே சிவப்பு எனாமலில் பெயர்களும் இதயமும். எது யார் போட்டது? பெயின்டை எங்கள் குழுவே அகற்றலாமா?

கல்லுளி:
முக்கோணம், ஆடுபுலி ஆட்டக் கட்டம். இரண்டு வரிசையில் ஏழேழு குழி என்றால் பல்லாங்குழி. நேர்கோட்டில் நீள்சதுரக் குழிகள், கல் பிளக்க ஆப்பு அடித்த இடம். உச்சியில் புள்ளி வைத்த வட்டம் பெரும்பாலும் நில அளவைக் குறி, அதைத் தொடாதீர்கள்.

கூட்டல் குறியில்தான் கவனம் வேண்டும். தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் 'க' அப்படித்தான் இருக்கும். 'ர' செங்குத்துக் கோடு, 'ட' வலப்பக்கம் திறந்த அரைவட்டம். மழைநீர் உள்ளே வழியாதபடி குகை நெற்றியில் வெட்டிய காடியை ஒட்டி இவை வரிசையாக வந்தால் கல்வெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் 1882இல் கண்டார். வாசிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தெரியாத கோட்டைக் கிறுக்கல் என்று தேய்த்துவிட்டால் போனது போனதுதான்.

மலைச்சுற்று:
நிறத்தை வைத்துச் சொல்ல முடியாதா?

கல்லுளி:
வெயில், மழை படும் பாறையில் ஓரளவு முடியும். புதுக் கீறல் வெளிறியிருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். பழைய வெட்டில் பள்ளமும் சுற்றுப்பாறையும் ஒரே நிறம், விளிம்பு மழுங்கியிருக்கும், பாறைப்பாசி இரண்டின் மேலும் படர்ந்திருக்கும். குகைக்குள் இந்தக் கணக்கு தவறும். அங்கே பாறை மெதுவாகத்தான் நிறம் மாறும். எழுத்து வடிவத்தைப் பாருங்கள்.

பொடவு:
பெயின்ட் விஷயம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை இருந்தால் நீங்கள் கை வைக்கக் கூடாது; தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு செய்ய வேண்டிய வேலை. பலகை இல்லாவிட்டாலும் எழுத்தோ சிற்பமோ அருகில் இருந்தால் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துத் துறைக்கு அனுப்புங்கள்.

வெறும் பாறை என்றால், இடத்துக்கு உரியவர்களின் அனுமதி வாங்கி, முதலில் 5 செ.மீ. இடத்தில் சோதியுங்கள். காகிதக்கூழில் அசிட்டோன் ஊறவைத்து 1 செ.மீ. கனத்துக்கு அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஓரம் ஒட்டுங்கள். அரை மணி கழித்து மூங்கில் குச்சியால் வழித்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று முறை ஆகலாம். கையுறை அவசியம், பக்கத்தில் நெருப்பு கூடாது, காற்று வராத பொடவுக்குள் (குகைக்குள்) வேண்டாம்.

தின்னரை நேரே ஊற்றினால் பெயின்ட் கரைந்து நுண்விரிசல்களுக்குள் இறங்கி, நிரந்தரச் சிவப்புக் கறையாகிவிடும். கூழ் அதை வெளியே இழுக்கத்தான். கம்பி பிரஷ் பழுப்புத் தோலை உரிப்பதோடு இரும்புத் துகளை விட்டுத் துருவேற்றும். கழிப்பறை ஆசிட், பாறையில் மினுங்கும் கருமைக்கா (கருப்பு அபிரகம்) கனிமத்தில் உள்ள இரும்பைக் கிளப்பி மஞ்சள் கறை தரும்.

வைகைக்கரை:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தில் கிறுக்கினால், 1958ஆம் ஆண்டுப் பழங்காலச் சின்னங்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி (2010 திருத்தம்) இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும் சேதம்தான். தவறாக யூகித்த கோடு அடுத்தவர் வாசிப்பையும் கெடுக்கும். இருட்டியபின் டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஆழமில்லாத வெட்டும் நிழலில் எழும்பி வரும்.